தன்னை நோக்கும் நிரல்

கண் பிற பொருள்களைக் காணுமேயன்றித் தன்னைக் காணாது. தன்னைக் காண்டற்கு அதற்கொரு கண்ணாடி வேண்டும். மொழியும் அத்தகையதே. நாள்தோறும் நாம் மொழியைக் கருவியாகக் கொண்டு பிற பொருள்களைப் பற்றிப் பேசுகின்றோம். மொழியைப் பற்றி மொழியாலேயே பேசுதல் இலக்கணம் கற்கப் புகுங்காலத்து நிகழ்வதொன்று. 'மரம் காய்த்தது' என்புழி, மரம் என்னுஞ் சொல் கிளையும் இலையுமுடைய பொருளைக் குறிக்கின்றது. 'மரம் என்பது பெயர்ச்சொல்' என்புழியோ, அச்சொல் தன்னையே குறித்து நிற்கின்றது. முன்னதிற் சொல் கருவி. பின்னதிற் சொல்லே ஆராய்ச்சிப் பொருள். இவ்விரு நிலைகளையும் வேறு பிரித்தறியாதார் இலக்கண நூலின் முதற் பக்கத்தைக் கடத்தலும் அரிது.

கணினிக்கென மக்கள் வகுத்துக்கொண்ட நிரல்மொழிகளிலும் இவ்விரு நிலைகள் உள. ஒரு நிரல் பிற பொருள்களைப் பற்றிய கணக்குகளைச் செய்தல் அதன் இயல்பு. அந்நிரலே, தான் இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே, தன்கண் உள்ள மாறிகள் யாவை, அவை எவ்வகையின, அவற்றின்கண் இப்பொழுதுள்ள மதிப்புக்கள் எவை எனத் தன்னைத் தானே ஆராய்தலும், வேண்டுமிடத்து அவற்றை மாற்றுதலும் கூடும். இவ்வாற்றலை ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்ஷன் என்பர். யாம் அதனை ஈண்டுத் 'தன்னோக்கு' என வழங்குவாம். கணினி நூல் பயிலாத தமிழ் மாணாக்கர்க்கும் இப்பொருள் விளங்குமாறு உரைத்தலே எமது கருத்து. அதனோடு, காணவல்லன யாவற்றையும் மாற்றுதல் தகுமோ என்னும் வினாவும் இப்பொருளினின்றே எழுகின்றமையின், அதனையும் இறுதியில் ஆராய்வாம்.

1. மாறியும் வகையும்

கணினி செய்யவேண்டுவனவற்றை முறைப்பட நிறுத்தி எழுதிய ஏவற்றொடரே நிரலாம். நிரல் பல மதிப்புக்களைக் கையாளும். ஒரு மதிப்பை நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்திற்கு ஒரு பெயரிட்டால் அது 'மாறி' எனப்படும். ஆண்டு வைத்த மதிப்பு மாறத்தக்கதாகலின் அப்பெயர் பெற்றது. மாறி ஒன்றைப் பற்றி அறியத்தக்கன நான்கு: அதன் பெயர், அதன் வகை, அதன் மதிப்பு, அஃது இருக்கும் இடம் என்பன. 'மதிப்பெண்' என்பது பெயராயின், முழு எண் என்பது வகை. 56 என்பது மதிப்பு. நினைவகத்தில் அதற்குரிய முகவரி இடமாம்.

மாறிகள் தனித்து நிற்றலேயன்றிக் கூடி ஒரு தொகுதியாய் நிற்றலும் உண்டு. மாணாக்கன் என்னும் தொகுதியுள் பெயர், அகவை, மதிப்பெண் என மூன்று உறுப்புக்கள் அமையலாம். இவ்வுறுப்புக்களைப் 'புலம்' என்பர்.

இனி, நிரலுக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று அதனை மனிதர் எழுதி, தொகுப்பி என்னும் கருவி கணினிக்குரிய எண்வடிவாக மாற்றுங் காலம். மற்றொன்று அவ்வடிவம் கணினியில் இயங்குங் காலம். முதற்கண் எழுதியவர் 'மதிப்பெண்' என எழுதினும், தொகுப்பி அப்பெயரை நீக்கிவிட்டு முகவரியை மட்டுமே வைத்துக்கொள்ளுதல் பெரும்பான்மை. கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுதல் போன்றது இது. ஆகவே, இயங்குங்காலத்தில் ஒரு நிரல் தன் மாறியின் பெயரைத் தானே அறிதல் இயல்பாகக் கைகூடுவதன்று. தன்னோக்கிற்கு இடந்தரும் மொழிகள், வகைகளைப் பற்றிய குறிப்புக்களை எண்வடிவினுள்ளும் அழியாது சேமித்து வைக்கின்றன. அக்குறிப்பே நிரலின் கைக் கண்ணாடி. ஆயினும் எல்லாப் பெயர்களும் அதனுள் தோன்றா. ஜாவா, கோ முதலிய மொழிகளில் தொகுதியின் புலப்பெயர்கள் தோன்றும். ஒரு செயற்கூற்றினுள் சிறிதுபொழுது வாழ்ந்து மறையும் மாறிகளின் பெயர்கள் தோன்றா.

2. தன்னோக்கு வளர்ந்த வரலாறு

நிரல் தன்னை மாற்றிக்கொள்ளுதல் பழைய செய்தியே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியில், கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில் உடனுறைந்தன. வரிசையாக வைத்த எண்களைக் கூட்டவேண்டின், கூட்டுங் கட்டளையினுள் இருக்கும் முகவரியையே நிரல் ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளும். ஆயினும் அது தன்னையறிந்து செய்த மாற்றமன்று. இருளிற் கைதடவி எழுத்தைத் திருத்தியதனையே ஒக்கும். ஆண்டுப் பெயருமில்லை, வகையுமில்லை; எண்ணும் முகவரியுமே இருந்தன.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி வகுத்து 1960 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக வெளியிட்ட லிஸ்ப் என்னும் மொழி இதனின் ஒருபடி உயர்ந்தது. அம்மொழியில் நிரலும், அந்நிரல் கையாளும் தரவும் பட்டியல் என்னும் ஒரே வடிவின. ஆதலின் ஒரு நிரலை மற்றொரு நிரல் தரவாகக் கொண்டு படித்தல் எளிதாயிற்று. 'இதனை இயக்கற்க, இதனையே பொருளாகக் கொள்க' எனக் குறிக்கும் மேற்கோட் செயல் ஒன்றும் அம்மொழியில் உண்டு. 'மரம் என்பது பெயர்ச்சொல்' என்புழி நாம் 'என்பது' எனக் கூறிக் காட்டும் வேறுபாட்டை அது காட்டுகின்றது.

தன்னோக்கு என்பதனைத் தனியொரு கொள்கையாக நிறுவியவர் பிரையன் கான்ட்வெல் ஸ்மித் என்பார். அவர் 1982 ஆம் ஆண்டில் அக்கழகத்திற்கே அளித்த பட்ட ஆராய்ச்சி நூலில் 3-லிஸ்ப் என்னும் மொழியொன்றை வகுத்துக் காட்டினார். அவர்தம் கருத்தின்படி, தன்னோக்குடைய ஒன்றனுக்குத் தன்னைப் பற்றிய விவரிப்பு ஒன்று உளதாதல் வேண்டும். அவ்விவரிப்பும் அதன் உண்மை நிலையும் காரண காரியத் தொடர்புடையனவாதலும் வேண்டும். விவரிப்பு மாறின் நிலை மாறுதலும், நிலை மாறின் விவரிப்பு மாறுதலும் நிகழ்தல் வேண்டும் என்பதாம். இன்னும், நோக்குமிடம் மிக அணித்தாயின் ஒன்றும் தோன்றாது. மிகச் சேய்த்தாயின் தோன்றுவது தனக்குரியதாகாது. ஆதலின் நோக்குதற்குத் தக்க தொலைவும் வேண்டும் என்றனர். இஃது எந்திரத்திற்கு மட்டுமே உரிய உண்மையோ என்பதனைக் கற்போர் தாமே எண்ணிக் கொள்வாராக.

இதன்பின் 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பு, தன்னோக்கிற்கெனத் தனிப் பொதியொன்றைத் தந்தது. 2009 ஆம் ஆண்டு நவம்பரில் கூகிள் நிறுவனம் வெளிப்படுத்திய கோ என்னும் மொழியும் 'ரிஃப்ளெக்ட்' என்னும் பொதியைப் பெற்றுள்ளது. 1991 ஆம் ஆண்டில் கீடோ வான் ராசம் வெளியிட்ட பைதான் மொழியிலோ, தன்னோக்கு மொழியின் உடலோடு பிறந்ததெனவே கூறலாம்.

3. ஆராயும் முறை

தமிழ் மாணாக்கர்க்குத் தன்னோக்கின் ஆராய்ச்சிப் பகுதி புதியதன்று. 'நடந்தனன்' என்னும் பகுபதத்தை நாம் பிரிக்குங்கால், நட என்பது பகுதி, தகரம் சந்தி, அது நகரமாய்த் திரிந்தது விகாரம், பின்னின்ற தகரம் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் விகுதி எனக் கூறுகின்றோம். ஆண்டு யாம் வினவுவன மூன்று: இதனுள் உறுப்புக்கள் எத்துணை? ஒவ்வொன்றும் எவ்வகையினது? ஒவ்வொன்றன் உருவம் யாது? இயங்கும் நிரல் ஒரு தொகுதியை நோக்கி வினவுவனவும் இம்மூன்றே.

கோ மொழியில் இம்முறையைக் காண்போம். ரிஃப்ளெக்ட் பொதியில் இரண்டு வாயில்கள் உள. ஒரு மதிப்பை 'டைப்-ஆஃப்' என்னுஞ் செயற்கூற்றிற்கு அளித்தால் அதன் வகை வெளிப்படும். 'வேல்யூ-ஆஃப்' என்பதற்கு அளித்தால் அம்மதிப்பைத் தன்னுட்கொண்ட ஓர் ஆராய்ச்சிப் பொருள் கிடைக்கும். மாணாக்கன் என்னும் தொகுதியை அளித்து, 'நம்-ஃபீல்ட்' என வினவின், மூன்று என்னும் விடை வரும். பின் 0, 1, 2 என எண்ணிட்டு ஒவ்வொரு புலத்தையும் எடுத்து, அதன் பெயர், வகை, மதிப்பு ஆகியவற்றைப் பெறலாம். நிரலை எழுதியவர் மாணாக்கன் என்னும் தொகுதியை முன்னர்க் கண்டறியாதவராயினும், அவர் எழுதிய ஆராய்ச்சி நிரல் அதனைப் பிரித்துக் காட்டும். இதுவே தன்னோக்கின் பெரும் பயன். நூலாசிரியன் கேட்டறியாத புதுச்சொல்லையும் அவன் வகுத்த விதி பகுத்துக் காட்டுதல் போல்வது இது.

இவ்விடத்து நுண்ணியதொரு வேறுபாடு கருதத்தக்கது. முழு எண்ணை அடிப்படையாகக் கொண்டு 'அகவை' எனவும் 'மதிப்பெண்' எனவும் இரண்டு வகைகளை ஒருவர் வகுத்துக்கொள்ளலாம். அவ்விரண்டும் வேறுவேறு வகையின. ஒன்றை மற்றொன்றன் இடத்தில் வைக்கத் தொகுப்பி இடந்தராது. ஆயினும் இரண்டன் மூலவினமும் முழு எண்ணே. கோ மொழி வகையைக் கூறுதற்கு ஒரு வினாவும், மூலவினத்தைக் கூறுதற்கு 'கைன்ட்' என்னும் பிறிதொரு வினாவும் வைத்துள்ளது. நம்பி என்பதும் வேழம் என்பதும் பெயர்ச்சொல் என்னும் ஓரினத்தவாயினும், ஒன்று உயர்திணை, மற்றொன்று அஃறிணை எனப் பிரித்துணர்தல் போல இதனைக் கொள்க.

கோ மொழியை ஆக்கியோருள் ஒருவராகிய ராப் பைக் என்பார் 2011 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இப்பொருளை மூன்று விதிகளாக அடக்கிக் கூறினார். அவற்றின் கருத்து வருமாறு: இயல்பான மதிப்பினின்று ஆராய்ச்சிப் பொருளைப் பெறலாம் என்பது முதல் விதி. ஆராய்ச்சிப் பொருளினின்று மீண்டும் இயல்பான மதிப்பைப் பெறலாம் என்பது இரண்டாவது. ஆராய்ச்சிப் பொருளை மாற்றவேண்டின், அது மாற்றத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. முதலிரண்டும் போக்கும் வரவும் போல எளியன. மூன்றாவது விதியே ஆராய்ச்சிக்கு உரியது. கற்போர் பெரிதும் இடர்ப்படுவதும் அதன்கண்ணே.

4. மாற்றும் முறை

56 என்னும் மதிப்புடைய மாறியொன்றை 'வேல்யூ-ஆஃப்' என்னுஞ் செயற்கூற்றிற்கு அளித்து, கிடைத்த ஆராய்ச்சிப் பொருளில் 65 என எழுத முயன்றால் என்னாகும்? மதிப்பு மாறாது, மாறாததோடன்றி, நிரலே ஓலமிட்டு நின்றுவிடும். இஃது ஏன்?

விடை இதுவாகும். கோ மொழியில் செயற்கூறு ஒன்றற்கு ஒரு மதிப்பை அளித்தல் என்பது அதன் படியை அளித்தலே. ஓலையேட்டிற் கண்டதொரு நூலை நாம் தாளிற் படியெடுத்துக்கொண்டு, அப்படியில் ஒரு சொல்லைத் திருத்தினால், மூல ஏடு திருந்துமோ? திருந்தாது. திருத்தியவரோ மூலமும் திருந்திற்றென மயங்குதல் கூடும். அம்மயக்கத்தால் விளையும் பிழை கண்டுபிடித்தற்கு அரியது. ஆதலின், பயனற்ற திருத்தத்தை வாளா ஏற்றுக்கொள்ளுதலினும், இது மாற்றத்தக்கதன்று எனக் கூறி நிறுத்திவிடுதலே நன்றென அம்மொழியை ஆக்கியோர் கருதினர்.

மூலத்தையே திருத்தவேண்டின் செய்யவேண்டுவது என்னை? மதிப்பை அளியாது, அது வைகும் இடத்தின் முகவரியை அளித்தல் வேண்டும். அம்முகவரியினின்று 'எலெம்' என்னும் வினாவால் மூல மாறியை அடைதல் வேண்டும். பின்னர் 'கேன்-செட்' என வினவின், ஆம் என்னும் விடை வரும். அதன்மேல் 'செட்-இன்ட்' என்னும் செயலால் 65 என எழுதலாம். மூல மாறியே மாறியிருக்கக் காணலாம். முதலில் முகவரி, பின் மூலம், பின் வினா, இறுதியிலே மாற்றம் என்னும் இந்நான்கு படிகளையும் கற்போர் மனத்திற் கொள்வாராக. ஸ்மித் கூறிய காரண காரியத் தொடர்பு என்பது ஈண்டு முகவரியாக வடிவெடுத்து நிற்றல் காண்க. படியை நோக்குவோன் அறிவான், முகவரியுடையோனே ஆள்வான்.

இதன்மேல் இரண்டாவதொரு பூட்டும் உண்டு. கோ மொழியில் ஒரு பெயரின் முதலெழுத்து ஆங்கிலப் பேரெழுத்தைப் போன்ற பெருவடிவினதாயின், அது பிற பொதிகளுக்கும் உரிய பொதுப்பெயர்; அன்றாயின் தன் பொதிக்கு மட்டும் உரிய அகப்பெயர். ரிஃப்ளெக்ட் பொதி அகப்பெயருடைய புலங்களையும் காட்டும்; ஆனால் மாற்ற விடாது. காட்சிக்கு உடன்பட்டு ஆட்சிக்கு உடன்படாமை இதன் நெறி.

5. தமிழ்ப் பெயர்களுக்கு நேர்வது

மேற்கூறிய நெறி தமிழுக்கு ஓர் இடர்ப்பாட்டை விளைக்கின்றது. தமிழெழுத்தில் பெருவடிவு சிறுவடிவு என்னும் வேறுபாடு இல்லை. ஆதலின் தமிழெழுத்தால் தொடங்கும் பெயர் எதுவும் கோ மொழியில் பொதுப்பெயராதல் இயலாது. அதனினும் பெரிய இடர், அம்மொழியின் இலக்கணம் பெயர்களில் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்றுக்கொள்வதாம். யூனிகோடு என்னும் எழுத்து வரிசையில், நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்துக்களாக எண்ணப்படாது, எழுத்தைச் சார்ந்து வருங் குறிகளாக எண்ணப்படுகின்றன. ஆகவே 'பல' என்பது அம்மொழியில் மாறியின் பெயராகலாம். 'பெயர்' என்பது ஆகாது. எகரக் குறியும் இறுதிப் புள்ளியும் அதனைத் தடுக்கின்றன. தேவநாகரி முதலிய எழுத்துக்களுக்கும் இவ்விடர் உண்டு.

பைதான் மொழியோ 2008 ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் இக்குறிகளையும் பெயரில் ஏற்கின்றது. மாணாக்கன், அகவை, மதிப்பெண் என்பன அதன்கண் முறையான மாறிப் பெயர்களாம். அம்மொழியில் 'வார்ஸ்' என்னுஞ் செயற்கூற்றால் மாணாக்கன் என்னும் பொருளின் புலங்களையெல்லாம் பெயரும் மதிப்புமாக ஓர் அகராதியைப் போலப் பெறலாம். 'கெட்-ஆட்டர்' என்பதற்கு 'மதிப்பெண்' என்னும் பெயரை எழுத்துத் தொடராக அளித்தால் 56 என்னும் மதிப்பு வரும். 'செட்-ஆட்டர்' என்பதற்கு அப்பெயரையும் 65 என்பதனையும் அளித்தால் மதிப்பு மாறும்.

எளிமையிலும் ஒரு கண்ணி உண்டு. 'மதிப்பெண்' என எழுதவேண்டிய இடத்தில் ஒருவர் றன்னகரமிட்டு 'மதிப்பென்' என எழுதிவிட்டாரெனக் கொள்வோம். அப்பெயரால் மதிப்பைக் கேட்பின், அன்னதொரு புலம் இல்லையெனப் பைதான் பிழை கூறும். மதிப்பை எழுதினாலோ பிழை கூறாது. 'மதிப்பென்' எனப் புதிய புலமொன்றை வாய்வாளாது படைத்து, அதன்கண் 65 என வைத்துவிடும். பழைய 'மதிப்பெண்' 56 ஆகவே நிற்கும். டண்ணகர றன்னகர வேறுபாட்டை ஆசிரியர் வற்புறுத்துங்கால் அதனைச் சிறுபொருளாகக் கருதுவார் இதனை நோக்குவாராக.

6. பயன்கள்

தன்னோக்கு ஓர் அறிவு விளையாட்டு மட்டுமன்று. அதன் பயன் பல. சிலவற்றைச் சுருங்கக் கூறுவாம்.

கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் 1997 ஆம் ஆண்டில் அட்லாண்டாவில் நிகழ்ந்த மாநாட்டிற்குச் செல்லும் வானூர்திப் பயணத்தில் ஜேயூனிட் என்னுஞ் சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினர். நிரலாளர் தம் சோதனைச் செயல்களுக்கு 'டெஸ்ட்' எனத் தொடங்கும் பெயரிட்டாற் போதும். அக்கருவி தன்னோக்கினால் அப்பெயருடைய செயல்களையெல்லாம் தானே தேடி எடுத்து, ஒவ்வொன்றாக இயக்கும். சோதனைகளின் பட்டியலைத் தனியே எழுதவேண்டுவதும், எழுதும்பொழுது ஒன்றை மறந்துவிடுவதும் அதனால் நீங்கின.

இன்னும், ஒரு கணினியிலுள்ள தொகுதியை மற்றொன்றிற்கு அனுப்ப அதனை எழுத்து வடிவாக மாற்றவேண்டும். ஜேசன் என்னும் வடிவம் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. கோ மொழியோடு வரும் ஜேசன் பொதி, உலகத்தார் இனிமேல் வகுக்கப்போகுந் தொகுதிகளின் பெயர்களையெல்லாம் முன்னறிந்திருத்தல் இயலாது. அது தன்னோக்கினாலேயே ஒவ்வொரு தொகுதியின் பொதுப்பெயர்ப் புலங்களைக் கண்டு எழுதுகின்றது. மறுமுனையில் வந்த எழுத்தைப் படித்து, முகவரி வழியாக அப்புலங்களை நிரப்புகின்றது. முன்னது ஆராய்தல், பின்னது மாற்றுதல்.

7. ஏதங்கள்

பயன் கூறினாம், இனி ஏதங் கூறுவாம். முதலாவது ஏதம் காலத்தாழ்வு. நேரே முகவரிக்குச் செல்லுதலினும், பெயரைத் தேடி, வகையை வினவி, உரிமையை ஆராய்ந்து செல்லுதல் தாமதமுடைத்து. இரண்டாவது, பிழை வெளிப்படுங் காலம் பிற்படுதல். இயல்பான நிரலில் பெயர் பிழைபட்டால் தொகுப்பி எழுதுங்காலத்திலேயே தடுத்துவிடும். தன்னோக்கில் பெயர் வெறும் எழுத்துத் தொடராய் நிற்றலின், தொகுப்பி அதனை ஆராயாது. பிழை இயங்குங்காலத்தில், பிறர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்பொழுது, வெளிப்படும்.

மூன்றாவது ஏதமே பெரிது. அது காவலைக் கடத்தல். ஜாவா மொழியில் ஒரு புலத்தை 'பிரைவேட்' என அறிவித்தால், அஃது அமைந்த வகுப்பிற்கு மட்டுமே உரியது. ஆயினும் தன்னோக்குப் பொதியிலுள்ள 'செட்-அக்ஸஸிபிள்' என்னுஞ் செயல் அப்பூட்டைத் திறக்கவல்லது. இதனால் விளைந்த வியப்பொன்றைக் கூறுவாம். ஜாவா −128 முதல் 127 வரையுள்ள முழு எண்களுக்கு உரிய 'இன்டிஜர்' பொருள்களை முன்னரே ஆக்கி வைத்துக்கொண்டு, வேண்டுமிடமெல்லாம் அவற்றையே வழங்குகின்றது. 4 என்பதற்குரிய பொருள் நிரல் முழுவதற்கும் ஒன்றே. அப்பொருளின் அகத்தேயுள்ள மதிப்பைத் தன்னோக்கினால் 5 என மாற்றிவிட்டால், 2 உம் 2 உம் கூட்டிய விடையை அப்பொருளாக்கி அச்சிடும்பொழுதெல்லாம் 5 என வரும். கூட்டல் பிழைக்கவில்லை; 4 என்னும் பெயருடைய பொருள் உள்ளே பொய்யாயிற்று. அந்நிரலில் அதனை நம்பிய ஒவ்வொரு பகுதியும், தான் ஒரு குற்றமுஞ் செய்யாதே, தவறான விடை கூறும். ஜாவா 8 வரை இம்மாற்றம் தடையின்றி நிகழ்ந்தது.

இது வேடிக்கை எனின், வேடிக்கையல்லாததும் ஒன்று உண்டு. 2012 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஜாவா 7 பதிப்பின் குறைபாடொன்றைத் தீயோர் கையாளத் தொடங்கினர். அக்காலத்தில் இணைய உலாவிகளினுள் ஆப்லெட் என்னுஞ் சிறு ஜாவா நிரல்கள் இயங்கின. அவை பயனரின் கோப்புக்களைத் தொடாதவாறு காவலுள் அடைக்கப்பட்டிருந்தன. தீயோர் எழுதிய ஆப்லெட், அக்குறைபாட்டின் வழியே ஜாவாவின் உள்வகுப்பொன்றை அடைந்தது. அவ்வகுப்பிலுள்ள செயலொன்று பிற வகுப்புக்களின் அகப்புலங்களைத் திறந்து கொடுக்கும் இயல்பினது. அதனைக்கொண்டு, தனக்குள்ள உரிமைகளைக் குறித்து வைத்திருந்த ஒரே ஒரு மாறியைத் திருத்தி, எல்லா உரிமையும் உடையதாகத் தன்னை ஆக்கிக்கொண்டது. பின் காவலையே அகற்றிவிட்டது. ஆரகிள் நிறுவனம் வழக்கமான நாளுக்குக் காத்திராது, அம்மாதம் 30 ஆம் நாளிலேயே திருத்தப் பதிப்பை வெளியிட்டது. மாறி ஒன்றன் மதிப்பு மாறியதனால் எத்துணைக் கேடு விளையும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவற்றையெல்லாம் நோக்கி, ஜாவாவைப் பேணுவோர் கதவுகளைப் படிப்படியாக அடைத்தனர். 2017 ஆம் ஆண்டில் வந்த ஜாவா 9 பதிப்பு பொதிகளைக் கூறுகளாகப் பிரித்து, உள்வகுப்புக்களைத் தன்னோக்கினால் திறப்போர்க்கு எச்சரிக்கை விடுத்தது. 2021 ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ஜாவா 16 பதிப்பு, இயல்பாகவே அதனை மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஜாவா 17 பதிப்பு, பழைய நிலைக்கு முற்றும் மீளுதற்கிருந்த வழியையும் நீக்கிற்று. ஆயினும், நிரலை இயக்குவோர் இன்ன பொதியைத் திறக்க எனப் பெயர் குறித்து வெளிப்படக் கட்டளையிடின், அஃது ஒன்று மட்டும் திறக்கும். பல ஆண்டுகளாக அப்பூட்டுக்கள் திறந்திருக்குமென நம்பி எழுதிய நிரல்கள் பல இதனால் திருத்தப்படவேண்டியவாயின. திறந்த கதவைப் பலர் வழியாகக் கொண்டபின் அடைத்தல் எளிதன்று என்பது இதனாற் புலனாம்.

8. முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், தன்னோக்கிற் காணுதல், மாற்றுதல் என இரு பகுதிகள் உண்டென்பதும், அவற்றுள் முன்னதற்கு வகைக்குறிப்பும் பின்னதற்கு முகவரியும் உரிமையும் வேண்டுமென்பதும் பெறப்பட்டன. தன்னோக்கைக் கையாளுவோர்க்குச் சில நெறிகளும் இவற்றினின்றே போதரும். இயல்பான வழியாற் செய்யத்தக்கதனைத் தன்னோக்காற் செய்யலாகாது. முன்னறியாத வகைகளைக் கையாளவேண்டுமிடத்தே அது தக்கது. மாற்றுமுன் மாற்றத்தக்கதோ என வினவல் வேண்டும். பிறர் அகப்பெயரிட்டு மறைத்ததனைத் திறக்குமுன், அவர் அதனை மறைத்ததன் காரணத்தை அறிதல் வேண்டும். ஒருவர் ஒரு புலத்தை மறைத்தல், பின்னொருநாள் பிறர்க்குத் தீங்கின்றி அதனை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளுதலுமாம்.

தமிழ் பயில்வார்க்கு இக்கலையால் வரும் பயன் யாதெனச் சிலர் வினவக்கூடும். இலக்கணம் என்பது மொழி தன்னை நோக்கிய நோக்கு. அந்நோக்கைப் பலநூறு ஆண்டுகள் பயின்ற மரபில் வந்த நாம், எந்திர மொழிகளின் தன்னோக்கைக் கண்டு மருளவேண்டுவதில்லை. பகுபதத்தைப் பிரிக்கக் கற்ற மாணாக்கர் தொகுதியைப் பிரிக்கவும் கற்பர். நம் எழுத்தின் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தாகாவென ஒரு மொழியின் விதி கூறுமாயின், அவ்விதியின் பொருளை உணர்ந்து, தக்க காரணங்காட்டி மறுத்துரைத்தற்கு, அம்மொழியையும் நம் எழுத்தையும் ஒருங்கறிந்தவர் வேண்டும். அன்னார் இத்தகைய கல்லூரிகளின் தமிழ் வகுப்புக்களினின்று தோன்றலாகாதோ?

யாக்கோபின் நிருபம், கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டும் அகன்றவுடனே அதனை மறந்துவிடுபவனை உவமையாக்கிக் கூறும். அவன் கண்டான், திருந்தவில்லை. அவனுக்கு மறுதலையாவான், காணுந்தோறும் ஆராயாது எதனையும் திருத்த முற்படுபவன். நிரலுக்கும் மாந்தர்க்கும் இவ்விரண்டும் குற்றமே. படியைத் திருத்திவிட்டு மூலம் திருந்திற்றெனக் கொள்ளாமையும், மூலத்தை அடையுங்கால் தனக்கு உரிமையுண்டோ என வினவிப் பின் தொடுதலும் இப்பாடத்தின் சாரமாம். இக்கலையிற் புகும் மாணாக்கர், ஒரு சிறு தொகுதியை எழுதி, முதலில் அதனைக் காணப் பழகுவாராக. மாற்றுதல் பின்னர் வரும்.